தண்ணி இரண்டாம் படிக்கு வந்தபிறகும் ஏன் தேத்தண்ணி வைத்தோம்

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது நாங்கள் யாழ்ப்பாணத்தில் அரியாலைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் இருந்தோம். புயல் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறி, அப்புறம் மன்னார் வளைகுடாப் பக்கம் போய் நின்றுகொண்டு எங்களுக்கு மழையைக் கொட்டியது. எங்கள் பக்கம் காற்று பெரிதாக இல்லை, அதனால் பயமும் இல்லை. முற்றத்தில் தண்ணி ஏறியது, முதல் படி மூடியது, இரண்டாம் படி மூடியது, நாங்கள் தேத்தண்ணி வைத்துக் குடித்தோம். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு அண்ணையும் அதே நேரம் எங்கள் வீட்டை எட்டிப் பார்க்கிறார். "என்னண்ணை, வெளிக்கிடுறியளோ?" "இல்லைத் தம்பி, நீங்கள்?" "இன்னும் கொஞ்சம் பார்ப்பம்." முன்வீட்டிலும் இதே கதைதான். ஆறு வீடு, ஒவ்வொரு வீடும் மற்ற ஐந்து வீட்டையும் பார்த்துக்கொண்டு இருந்தது.

இரவு பத்து மணிபோல, ஒழுங்கைத் தொங்கலில் இருந்த ஆச்சி ஒருவர், எழுபது தாண்டியவர், தலையில் ஒரு உரப்பையும் கையில் ரோச் லைற்றுமாக முழங்கால் தண்ணியில் வந்து நின்று, "நான் பள்ளிக்கூடத்துக்குப் போறன், வாறவை வாங்கோ" என்றார். கால் மணித்தியாலத்தில் ஒழுங்கை காலி.

அந்த இரவுக்குப் பிறகு எனக்கு ஒரு விசர் பிடித்தது, ஆபத்து நேரத்தில் மனிசர் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று தேடித் தேடி வாசிக்கிற விசர். வாசித்ததையும் சின்ன வயதிலிருந்து பட்டதையும் சேர்த்து, அடுத்த மாரிக்கு முன் வீட்டில் என்ன செய்து வைக்கலாம் என்று எழுதுகிறேன். வெள்ளத்தைத்தான் அதிகம் சொல்வேன், ஆனால் மற்ற ஆபத்துகளிலும் மனிசர் இதே மனிசர்தான்.

சனம் விசர் பிடித்து ஓடாது

ஆபத்து என்றதும் எல்லோருக்கும் மனதில் வருகிற படம் ஒன்று: சனம் கத்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடுவது. நெரிசலில் சனம் செத்த இடங்கள் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அனர்த்தங்களை ஆராய்ந்த குவாரன்ரெலி என்ற சமூகவியலாளர் 1950களிலிருந்தே சொல்லி வந்தது என்னவென்றால், அப்படித் தலைதெறிக்க ஓடுவது மிக அரிது, பெரும்பாலான சனம் யோசித்து, ஒருவருக்கொருவர் உதவித்தான் நடக்கும் என்று. இரண்டாம் உலகப்போரில் லண்டனில் குண்டு விழுந்தால் மனநோயாளிகளால் ஆஸ்பத்திரி நிரம்பி வழியும் என்று பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை.

எங்களுக்கு இதை வெளிநாட்டுக்காரர் வந்து சொல்லத் தேவையும் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு எட்டு வயது. இலட்சக்கணக்கான சனம், ஒரே ரோட்டு, மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தடியில் ஒரு அடி வைக்க ஒரு யுகம். யாரும் யாரையும் தள்ளி விழுத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது, சைக்கிள் கரியரில் அம்மம்மாவை இருத்தி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்த இரண்டு பொடியளும், குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணி ஏந்தி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பருக்கிய ஒரு மனிசியும்தான்.

ஆகவே "சனத்துக்குச் சொன்னால் பதறிவிடும், மெல்லமாகச் சொல்லுவம்" என்ற கதையை விட்டுவிடுங்கள். வீட்டிலும் அப்படித்தான். அம்மாவுக்குச் சொன்னால் பிரஷர் ஏறும் என்று மறைத்து வைத்துவிட்டு, தண்ணி கட்டிலைத் தொடும்போது சொன்னால் ஏறுகிற பிரஷர் இன்னும் கூட. எங்களுடைய பிரச்சினை ஓடுவது இல்லை. இருப்பது.

பழகின ஆக்களுக்குத்தான் ஆபத்து அதிகம்

இதைச் சொன்னால் எங்கள் ஆக்களுக்குக் கோபம் வரும். "ஷெல்லுக்கையே இருந்தனாங்கள், மழைக்குப் பயப்படுறதே?" எங்கள் சித்தப்பா இதைச் சொல்லாத மாரி இல்லை. உண்மைதான், அவருக்கு அந்த வித்தை தெரியும். பலாலி இராணுவ முகாமில் ஷெல் குத்துகிற சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்கி, எந்தப் பக்கம் விழும் என்று ஓரளவு சொல்லிவிடுவார். வளவுக்குள் பனங்குற்றியும் மண்மூட்டையும் வைத்து எல் வடிவில் பங்கர் வெட்டியதும் அவர்தான். ஆனால் அந்தப் பயிற்சி சத்தத்துக்கான பயிற்சி. தண்ணிக்குச் சத்தம் இல்லை. அது குத்துவதில்லை, கூவுவதில்லை, ஒரு மணித்தியாலத்துக்கு அரை அடி ஏறும், நீங்கள் நித்திரை. ஒரு ஆபத்தில் தப்பின அனுபவம் இன்னொரு ஆபத்துக்கு உதவாமல் போவது மட்டுமில்லை, "எங்களுக்குத் தெரியும்" என்ற தெம்பைத் தந்து காலைக் கட்டியும் போடும்.

2008இல் நிஷாப் புயலின் மழை வந்தபோது தண்ணி எதுவரை வந்தது என்று எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் 2020இல் எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், "அண்டைக்கு இவ்வளவுதானே வந்தது" என்று. இடையில் பன்னிரண்டு வருசத்தில் எத்தனை வளவில் மண் போட்டு உயர்த்தி மதில் கட்டினோம், எத்தனை வாய்க்கால் அடைபட்டது என்பதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணிக்குப் போக வழி இல்லை.

செய்ய வேண்டியது: வெயில் காலத்திலேயே, பயம் இல்லாத ஒரு பின்னேரத்தில், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஒரு கோடு கீறுங்கள். உண்மையாகவே கீறுங்கள், பெயின்ற் எடுத்து, வாசற்படியில். எங்கள் வீட்டில் முதல் படியில் சிவப்புக் கோடு இருக்கிறது. தண்ணி அதைத் தொட்டால் வெளிக்கிடுவது. அப்போது யோசிப்பது, வாக்குவாதப்படுவது, அயலைப் பார்ப்பது ஒன்றும் இல்லை. பொழுதுபடும்போது கோட்டுக்கு ஒரு சாண்தான் குறைவு என்றால் தொடும்வரை நிற்பதில்லை, வெளிச்சத்தோடேயே போவது. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: யாழ்ப்பாணத்தில் வளவுக்கு வளவு கிணறு, வெள்ளத்துக்குக் கீழே கட்டில்லாக் கிணறு இருட்டில் தெரியாது.

இப்படி முன்கூட்டியே ஒரு வரியில் முடிவெடுத்து வைப்பதன் பலனுக்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் சிமெலுவே தீவு. இந்தோனேசியாவில், 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்கு மிகக் கிட்ட இருந்த இடம். அங்கே 1907இல் ஒரு சுனாமி வந்து சனத்தைக் கொன்றது, அன்றிலிருந்து பாட்டிமார் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த ஒரு சொல் "ஸ்மோங்". நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு, வேறொன்றும் பார்க்காதே என்பதுதான் அதன் கருத்து. சைரன் இல்லை, போன் இல்லை, அலை வருவதற்குச் சில நிமிசங்கள்தான் இருந்தன. ஏறக்குறைய 78,000 சனம் இருந்த தீவில் செத்தது 7 பேர். இலங்கைக்கு அலை வர இரண்டு மணித்தியாலம் வரை எடுத்தது, எங்களிடம் அந்த ஒரு சொல் இல்லை, முப்பதாயிரத்துக்கு மேல் சனத்தை இழந்தோம். வடமராட்சி கிழக்கில் கரையோரக் குடும்பங்களுக்கு நடந்ததை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. தெற்கிலும் மேற்கிலும் கடல் பின்வாங்கி நிலம் தெரிந்தபோது அதைப் பார்க்க இறங்கிப் போன சனம் உண்டு. முட்டாள்கள் இல்லை அவர்கள். மனம் முதலில் தேடுவது "இது ஒன்றும் இல்லை" என்ற விளக்கத்தைத்தான். எல்லோருடைய மனமும்.

முதல் ஆளாகக் கதையுங்கள்

1968இல் அமெரிக்காவில் லத்தானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். ஒரு அறையில் இருந்து படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவர் ஓட்டையால் புகையை விட்டார்கள். தனியே இருந்தவர்களில் 75 வீதமானோர் எழும்பிப் போய்ச் சொன்னார்கள். அதே அறையில், புகையைக் கண்டும் காணாததுபோல எழுதிக்கொண்டிருக்கும்படி சொல்லி வைத்த இரண்டு பேரோடு இருந்தவர்களில் சொன்னது 10 வீதம்தான். மற்றவர்கள் புகையைக் கையால் விசிறிக்கொண்டு எழுதினார்கள். சோதனைக்கு வந்தவர்கள் மூன்று பேராக இருந்த குழுக்களிலும் ஒருவராவது எழும்பிச் சொன்னது 38 வீதத்தில்தான்.

எங்கள் ஒழுங்கையில் நடந்தது அச்சொட்டாக இதுதான். அண்ணை எட்டிப் பார்த்தபோது எங்கள் வீட்டில் ஒரு பதற்றமும் தெரியவில்லை, ஆகவே ஆபத்து இல்லை என்று நினைத்தார். நாங்கள் அவரைப் பார்த்து அதையே நினைத்தோம். ஆளுக்காள் தைரியம் கொடுத்து ஆறு வீடும் மூழ்கியிருக்கும். ஆச்சி செய்தது பெரிய வீரம் ஒன்றும் இல்லை, மனதில் பட்டதைச் சத்தமாகச் சொன்னார், சொன்னதைத் தானே செய்தார். அவ்வளவுதான் தேவை. வெட்கப்படாதீர்கள். "சும்மா பயந்தாங்கொள்ளி" என்று நாலு பேர் சிரித்தால் அடுத்த நாள் சேர்ந்து சிரிக்கலாம்.

சொல்லும்போது எப்படிச் சொல்வது என்பதும் இருக்கிறது. "எல்லாரும் கெதியா வெளிக்கிடுங்கோ" என்றால் ஒருவரும் வெளிக்கிட மாட்டார்கள். "யாராவது மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணுங்கோ" என்றாலும் அப்படித்தான், அந்த யாராவது பிறக்கவே இல்லை. ஆளின் முகத்தைப் பார்த்து, பெயரையோ முறையையோ சொல்லி, ஒரு வேலை, ஒன்றே ஒன்று: "மாமா, நீங்கள் மெயின் சுவிட்ச். தங்கச்சி, நீ அம்மம்மாவின்ர குளிசைப் பை. தம்பி, ஆச்சி வீட்டுக் கதவைத் தட்டு." சுவிட்ச் என்றபடியால் இன்னொன்று: பிளக் பொயின்ற் மட்டத்துக்குத் தண்ணி வர முன்னமே அதை நிப்பாட்ட வேண்டும், வந்தபிறகு தண்ணிக்குள் நின்றுகொண்டு தொடக்கூடாது.

உறைந்து போகிறவர்கள்

1994இல் எஸ்தோனியா என்ற கப்பல் பால்டிக் கடலில் மூழ்கி 852 பேர் செத்தார்கள். தப்பின ஆக்கள் சொன்னதில் என்னை உலுக்கியது, கப்பல் சரிந்துகொண்டிருக்க, போகலாம் என்றிருந்தும் சிலர் அப்படியே வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்பது. இதை ஆராய்ந்த ஜோன் லீச் என்ற உளவியலாளர் சொல்கிற கணக்கு, பத்துப் பேரில் ஒருவரோ கொஞ்சம் கூடவோதான் நிதானமாக இயங்குவார், இன்னும் அவ்வளவு பேர் நிலைமையைக் கெடுக்கிற மாதிரி நடப்பார்கள், நடுவில் இருக்கிற பெரும்பங்கு திகைத்துப்போய் யாராவது சொல்வதற்காகக் காத்திருக்கும்.

இதைக் கோழைத்தனம் என்று நினைத்துப் பேசாதீர்கள். மூளைக்கு இதற்கு முன் இப்படி ஒன்று நடக்கவில்லை, எதைச் செய்வது என்று தேடுகிறது, தேடிக் கிடைக்கவில்லை, நிற்கிறது. ஒத்திகை பார்த்த வேலை ஒன்று இருந்தால் அது கிடைத்துவிடும். பங்கர் காலத்தில் அம்மா எனக்குத் தந்த வேலை தண்ணிப் போத்தலும் தலை எண்ணுவதும். பொம்மர் சத்தம் கேட்டால் நான் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் பங்கர் வாசலில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். ஏழு வந்தால் எல்லோரும் வந்தாச்சு. எனக்குப் பயம் வராமல் இல்லை, வந்தது, ஆனால் எண்ணி முடித்த பிறகு வந்தது. இப்போது என் மகளுக்கு அதே வேலையைக் கொடுத்திருக்கிறேன், வீட்டில் நாங்கள் ஐந்து பேர், ஆறாவது பூனை.

உறைந்து நிற்கிறவரை உலுக்கிக் கத்தாதீர்கள். கையைப் பிடித்து, கையில் ஒரு பொருளைக் கொடுத்து, "இதைப் பிடிச்சுக்கொண்டு என்னோட வாங்கோ" என்றால் பெரும்பாலும் கால் அசையும்.

உறுதியும் தையல் மெசினும்

ஆபத்திலிருந்து விலகிப் போக வேண்டிய நேரத்தில் மனிசர் செய்கிற இன்னொரு வேலை, சாமான் சேர்ப்பது. 2001இல் நியூயோர்க் இரட்டைக் கோபுரத்தில் விமானம் மோதிய பிறகும் கணினியை நிப்பாட்டி, பையைத் தேடி, ஆக்களுக்குப் போன் எடுத்துவிட்டு இறங்கியவர்கள் கனபேர். நாங்களும் அப்படித்தான், என்ன, எங்களுடைய சாமான் பட்டியல் கொஞ்சம் வேறு. 1995இல் எங்கள் உறவுக்காரக் குடும்பம் ஒன்று தையல் மெசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனது. சீதனக் காணி உறுதி அலுமாரிக்குள். பிறகு திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, அந்தக் காணிக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்தது எத்தனை வருசம் என்று அந்த மாமியிடம் கேட்டால் இன்றைக்கும் அழுவார். தையல் மெசின் நல்லாகத்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில் எது முக்கியம் என்று மூளை சொல்லாது. ஆகவே இப்போதே ஒரு பை. தண்ணி புகாத பொலித்தீன் உறைக்குள் அடையாள அட்டைப் பிரதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், உறுதி, பாங்க் புத்தகம், கிளினிக் கொப்பி. ஒரு கிழமைக்குக் குளிசை. கண்ணாடி. கொஞ்சம் காசு, சில்லறையாக. ரோச் லைற். ஒரு சோடி உடுப்பு. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்க வேண்டும், பரணில் இல்லை. நகைக்கு வேறு பை வேண்டாம், பையைக் கூட்டினால் ஆளை விட்டுவிடுவோம்.

அப்புறம் ஆட்கள். மனிசர் தனியே ஓடுவதில்லை, குடும்பம் சேரும்வரை நிற்பார்கள், சேரவில்லை என்றால் ஆபத்துக்குள் திரும்பிப் போவார்கள். அந்த நேரத்தில் போன் வேலை செய்யாது. ஆகவே எங்கே சந்திப்பது என்று ஒரு இடம், அது கிடைக்காவிட்டால் இன்னொன்று, முன்னமே பேசி வையுங்கள். எங்களுக்கு முதலாவது பள்ளிக்கூடம், இரண்டாவது கொஞ்சம் மேட்டில் இருக்கிற அத்தை வீடு. பேசி வைத்தால், பெரியவன் ரியூசனில் இருந்தாலும் வீட்டுக்கு நீந்தி வரமாட்டான்.

ஒன்றும் தெரியாமல் இருக்கிற நேரம்

உண்மையில் மிக மோசமானது இதுதான். புயல் வருமா வராதா, ஊரடங்கு நீளுமா, 2022இல் மாதிரி நாளைக்குப் பெற்றோல் கிடைக்குமா. 2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒரு சோதனை நடந்தது: கணினித் திரையில் கல், அதற்குக் கீழே பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும், பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தவர்களை விட, விழலாம் விழாமலும் விடலாம் என்று பாதிக்குப் பாதி இருந்த நேரத்தில்தான் சனத்துக்கு வியர்வையும் பதற்றமும் உச்சம். நோவை விட "வருமோ" என்பதுதான் நோகிறது. அதனால்தான் பெற்றோல் வரிசையில் நாள் முழுக்க நின்றவன், "இண்டைக்கு இல்லை" என்று தெளிவாகச் சொன்னதும் ஒரு மாதிரி ஆறுதலோடு வீட்டுக்குப் போனான். நானும் போனேன்.

இந்த இடைவெளிக்குள்தான் கதை முளைக்கும். விசயம் எவ்வளவு முக்கியமோ, எவ்வளவு தெளிவில்லையோ, இரண்டையும் பெருக்கினால் வதந்தி என்று 1947இலேயே அல்போட், போஸ்ற்மன் என்ற இருவர் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வட்ஸ்அப் இல்லை. "குளம் உடைச்சிட்டுதாம்" என்று ஒரு குரல்பதிவு வந்தால் நான் கேட்பது இவ்வளவுதான்: எந்தக் குளம், எத்தனை மணிக்கு, சொன்னவர் கண்ணால் கண்டவரா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் நான் அனுப்புவதில்லை. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேட்கலாம், விதானையாரை, அதாவது கிராம சேவகரைக் கேட்கலாம், ரேடியோ இருக்கிறது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கேட்டால் போதும், ஒவ்வொரு நிமிசமும் போனைத் தடவினால் தெரிய வருவது அதிகமாகாது, சார்ஜ்தான் குறையும்.

சார்ஜ் என்றதும் கனடா ஞாபகம் வருகிறது. புரெவி இரவில் என் போன் செத்ததற்குக் காரணம் புயல் இல்லை, ரொறன்ரோவிலிருந்து இரண்டு மாமாவும் லண்டனிலிருந்து ஒரு சித்தியும், ஒவ்வொருவரும் அரை மணித்தியாலம், எங்களுக்கே தெரியாத செய்திகளோடு. அன்பில்தான் எடுக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆளைப் பொறுப்பாக வையுங்கள், அவர் "எல்லாரும் சுகம், பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம், காலமை எட்டு மணிக்கு மெசேஜ் போடுறம்" என்று ஒரு குழுவுக்குப் போட்டால் வெளிநாடும் நித்திரை கொள்ளும்.

தண்ணி வடிந்த பிறகு

வடிந்ததும் ஓடிப்போய் வீட்டைக் கழுவத்தான் மனம் நிற்கும். அறுந்த வயர், கட்டிலுக்குக் கீழே புகுந்த பாம்பு, மலகூடத் தண்ணி கலந்த கிணறு, மூன்றும் அங்கே காத்திருக்கின்றன. பகலில் போங்கள், தடியோடு போங்கள், கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சரி என்று சொல்லும்வரை வெளியிலிருந்து கொண்டுவந்த தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

உடம்பு நடுங்குவது, காரணமில்லாமல் சிரிப்பது, ஒரு உடைந்த கோப்பைக்காகப் புருசனும் மனிசியும் சண்டை பிடிப்பது, எல்லாம் அப்போதுதான் வரும். நல்ல நித்திரையும் சுடுசோறும் பாதியைச் சரியாக்கும். பிள்ளையை "சொல்லு, என்ன நடந்தது" என்று வருத்தாதீர்கள், அது கதைக்கும்போது கேளுங்கள். கிழமைக்கணக்காக நித்திரை இல்லை, மழை இருட்டினாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

ஒன்று மறந்துபோனேன். எங்கள் ஒழுங்கையில் ஆச்சி கூப்பிட்டும் கடைசிவரை வராமல் நின்றது ஒரே ஒரு ஆள், மாட்டுக்காரர். "மாட்டைக் கட்டிப்போட்டு எப்படி வாறது" என்றார். அவருக்காக இரண்டு பேர் திரும்பிப் போய், கயிற்றை அவிழ்த்து, மாட்டைப் பள்ளிக்கூட மைதானத்து மேட்டில் ஏற்றினார்கள், அது விடியவிடியக் கத்தி ஒருவரையும் நித்திரை கொள்ள விடவில்லை. உங்கள் வீட்டில் ஆடு, மாடு, நாய் இருந்தால் அதன் பெயரையும் யாருக்கு என்ன வேலை என்ற பட்டியலில் இப்போதே சேர்த்துவிடுங்கள், யார் அவிழ்ப்பது என்று பக்கத்தில் எழுதி.